மூச்சு பார்க்கப் போன ஊர்

யஸ்த்,
மெஹர் மாதம் 8, ஈரானிய ஆண்டு 1353

கியூமர்ஸ் அவர்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதால் நானே சொல்கிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாள் வழி முழுக்க என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இறங்கும்போதுதான் முகத்தையே பார்த்தாள். "புருஷன் எங்கம்மா?" என்றாள். "கோவிச்சுக்கிட்டு வீட்ல இருக்கார்" என்றேன். "அப்ப நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நீங்கள் நன்றாக இல்லை. அதுதான் விஷயம். வாசலில் நின்று, "போறதுன்னா போ, வர்றப்ப நான் இருக்கேனான்னு பாத்துக்க" என்றீர்கள். அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினீர்கள். குஸ்தி மைதானத்தில் சூரியன் சாயும்வரை விடாமல் சோர்னா ஊதிய மனிதர். அந்த நாயனத்தை உறையில் போட்டு ஆணியில் மாட்டி இரண்டு மழைக்காலம் ஆகிறது. "ஈரம் உங்க வீட்டுக்காரர் நெஞ்சுல குடியேறிடுச்சு, காஞ்ச ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மருத்துவர் சொன்னது என்னிடம்தான். உங்களிடம் சொன்னபோது நீங்கள் ஜன்னல் வழியே வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இங்கே மருத்துவமனையில் எனக்குச் செவிலி வேலை தரத் தயார். ஆபான் மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் விடுமுறை முடிவதற்குள் ஊரைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, நீங்கள் வாழ முடியுமா என்று பார்த்துவிட்டு வருகிறேன். தெஹ்ரானில் என்னோடு படித்த தவ்லத் வீட்டில் தங்கியிருக்கிறேன். அவள் புருஷன் நாம்தார் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவருக்கும் சேர்த்து அவள் பேசிவிடுகிறாள்.

இந்த ஊரில் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. நம் வீட்டில் நான் போன வாரம் துவைத்தது இன்னும் அப்படியே தொங்கும். எடுத்து அடுப்புப் பக்கமாகப் போடுங்கள்.

மாஹ்முனீர்


ரஷ்த்,
மெஹர் 13

மாஹ்முனீர்,

கடிதம் நனைந்து வந்தது. கொண்டுவந்த தபால்காரனும் நனைந்துதான் வந்தான். இங்கே நனையாமல் வருவது ஒன்றும் கிடையாது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அக்கம்பக்கத்தில் உன்னைக் கேட்டார்கள். பெண்டாட்டி தனியாகப் பாலைவனத்தில் வீடு பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. மஷ்ஹதுக்கு யாத்திரை போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். இப்போது எதிர்வீட்டுத் தூபா தினமும் வேலிக்கு மேலே தலையை நீட்டுகிறாள். "கியூமர்ஸ் ஐயா, மாஹ்முனீர் எனக்காக ஒரு வேண்டுதல் வச்சாங்களா? யாத்திரைக் கற்கண்டு மறக்காம கொண்டாரச் சொல்லுங்க" என்கிறாள். இதற்கு நீதான் வழி செய்ய வேண்டும்.

நான் ஈரத்தில் பிறந்தவன். மீனைத் தூக்கிக் கரையில் போட்டால் அது நன்றாக மூச்சுவிடும் என்று எந்த மருத்துவன் சொன்னான்? எனக்கு இருப்பது சளி. வசந்தம் வந்தால் போய்விடும்.

வியாழக்கிழமை மைதானத்தில் குஸ்தி. என்னைக் கூப்பிடவில்லை. செருப்புக்கடை ஹூஷங்கின் மகனை ஊத வைத்திருந்தார்கள். கோழியைத் தீனிக்குக் கூப்பிடுகிற மாதிரி ஊதினான். பயில்வான்களுக்குக் களத்தில் குதிக்கத் தோன்றவே இல்லை, வரிசையில் நிற்கிற மாதிரி நின்றார்கள். நான் பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். மழை வரும்போல இருந்தது, வேறொன்றும் இல்லை.

துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டேன். பூண்டு ஊறுகாய் ஜாடிகளில் ஒன்றைக் காணோம். ஏழு வருஷத்து ஜாடி. நீ எடுத்துப் போயிருந்தால் சொல்லிவிடு, இல்லையென்றால் தூபாவைச் சந்தேகிக்க வேண்டிவரும்.

கியூமர்ஸ்


யஸ்த்,
மெஹர் 19

கியூமர்ஸ் அவர்களுக்கு,

ஜாடி என்னிடம்தான் இருக்கிறது. தூபாவை விட்டுவிடுங்கள். இந்த ஊர்க் கற்கண்டுதான் நாட்டிலேயே பேர்போனது, அவளுக்கு இங்கிருந்தே வாங்கிவிடுகிறேன். வேண்டுதலும் வைத்துவிட்டேன், உங்களுக்காக வைத்தபோது சேர்த்து.

இங்கே எனக்கு மானம் போய்விட்டது. யாரிடமும் சொல்லாமல் படியுங்கள்.

தவ்லத் வீட்டுக்கு ஒட்டினாற்போல ஒரு வீடு காலியாக இருக்கிறது. நடுவில் முற்றம், ஒரு மாதுளை மரம், வெயில் நாள் முழுக்க அறைக்குள் நடந்துபோகிறது. பார்த்த உடனே உங்களை அதில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டேன். வீட்டுக்குச் சொந்தக்காரர் நாம்தாரின் பெரியப்பா மெஹ்ரபான், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அதுவரை அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஓர் ஆண்குரல், "வர்றேன், வர்றேன்" என்றது. வாசலில் யாரும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கூரை விளிம்பில் ஒரு மனிதர், தோளில் மூட்டை. நம் ஊரில் கூரைமேல் ஏறுகிறவன் ஓடு மாற்றுகிறவன், இல்லையென்றால் திருடன். ஓடு இங்கே கிடையாது. நான் என்ன செய்வேன்? "திருடன், திருடன்" என்று கத்தினேன். வார்டுகளில் கத்திப் பழகிய குரல், தெரு முழுக்கக் கேட்டது. நாம்தார் கரி இடுக்கியோடு ஓடி வந்தார். பக்கத்து வீடுகளின் கூரைகளிலெல்லாம் தலைகள் முளைத்தன.

அப்போதுதான் தெரிந்தது. இந்த ஊரே பாதி நாள் கூரையில்தான் வாழ்கிறது. மேலே போனால் அடுத்தவர் முற்றம் தெரியும், அதனால் ஏறுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும். அது மரியாதை. காயவைத்த பிஸ்தாவை அள்ளப் போன தலைமையாசிரியரைத்தான் நான் திருடனாக்கிவிட்டேன்.

தவ்லத் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, உங்க ஊருத் திருடன் 'வர்றேன்'னு சொல்லிட்டாடி வருவான்?"

மெஹ்ரபான் சிரிக்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மேலே நின்றபடியே, "அம்மா, இது என் பிஸ்தா, இது என் கூரை. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான் பாடம் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டு, வீட்டைப் பற்றியும் கேட்டேன். "வீடு உங்களுதுதாம்மா, எடுத்துக்குங்க, உங்களுக்கு இல்லாததா" என்று குனிந்து சொன்னார். உங்களுக்குத் தெரியும், நம் நாட்டில் இப்படிச் சொன்னால் கிடையாது என்று அர்த்தம்.

வேறு வீடுகள் பார்த்தேன். எதிலும் வெயில் இப்படி நடக்கவில்லை.

மாஹ்முனீர்


ரஷ்த்,
மெஹர் 24

முனீர்,

யாரிடமும் சொல்லாதே என்றாய். தேநீர்க் கடையில் உரக்கப் படித்தேன். மீன்காரன் இஸ்கந்தர் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டான். "தலைமையாசிரியரையே திருடனாக்கிட்டாளா, நம்ம ரஷ்த்துப் பொண்ணுன்னா சும்மாவா" என்று கடை முழுக்கப் பேச்சு. உன் யாத்திரைக் கதை அதோடு முடிந்தது. தூபாவுக்குச் செய்தி போய்விட்டது, கற்கண்டு எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை என்கிறாள்.

நானும் சிரித்தேன். சிரித்தது தப்பாகப் போயிற்று. இருமல் பிடித்துக்கொண்டது, விடவில்லை. இஸ்கந்தர்தான் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். அவன் உனக்கு எழுதப்போகிறேன் என்றான், வேண்டாம் என்று அதட்டினேன். அவன் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு நானே சொல்கிறேன்.

சில நாட்களாக நான் படுப்பதில்லை. படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்தே தூங்குகிறேன். நேற்று நாயனத்தை உறையிலிருந்து எடுத்தேன். சீவாளியில் பூசணம் பூத்திருந்தது. துடைத்து வாயில் வைத்தேன், காற்றுதான் போயிற்று, சத்தம் வரவில்லை. மறுபடி மாட்டிவிட்டேன். செருப்புக்கடைப் பையனைக் கோழிக்காரன் என்றேனே, அவனாவது ஊதுகிறான்.

இதனால் நான் அங்கே வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒளிக்கக் கூடாது என்று சொன்னேன், அவ்வளவுதான்.

கியூமர்ஸ்


யஸ்த்,
மெஹர் 29

என் கியூமர்ஸ்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு கோபம் வந்தது, பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வீட்டை வாங்கப் போனேன்.

ஊறுகாய் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு மெஹ்ரபான் வீட்டுக் கூரைப் படிக்கட்டில் ஏறினேன். ஏறும்போதே அடித்தொண்டையில் குரல் கொடுத்தேன், "வர்றேன், வர்றேன், எல்லாரும் பிஸ்தாவை எடுத்து உள்ள வைங்க, ரஷ்த்துத் திருடி வர்றேன்." தெருவே சிரித்தது. நான் மேலே போனபோது மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

ஒரு பல் பூண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "இது மருந்தா, தண்டனையா?" என்றார். "ரெண்டும்தான் ஐயா, ஏழு வருஷம் ஊறினது" என்றேன். இன்னொன்று எடுத்தார். அப்புறம் ஜாடியை என் பக்கம் தள்ளவே இல்லை.

உங்களைப் பற்றி எல்லாம் சொன்னேன். படுக்க முடியாததையும், நாயனத்தையும். கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று குறை சொல்ல ஆரம்பித்தார். "குழாய் ஒழுகும். சமையல்கட்டு சின்னது. மாதுளை புளிக்கும். எங்கிட்ட அப்புறம் வந்து சண்டை போடக் கூடாது." வீட்டைக் குறை சொன்னால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரே நிபந்தனை, கையெழுத்துக்கு முன் உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம்.

என் விடுமுறை முடிகிறது. நான் திரும்பி வேலைக்கு வர வேண்டும். நீங்கள் கிளம்புங்கள். நான் கூட இருந்தால் என்னோடு சண்டை போட்டே நாளைக் கழித்துவிடுவீர்கள், ஊரைப் பார்க்கமாட்டீர்கள். தெஹ்ரான் பேருந்து நிலையத்தில் உங்களைப் பார்த்துவிட்டு நான் வடக்கே வருகிறேன், நீங்கள் தெற்கே போங்கள். இஸ்கந்தர் உங்களைத் தெஹ்ரான்வரை கொண்டுவந்து விடுவான், அவனுக்கும் எழுதிவிட்டேன். இங்கேயும் அங்கே இருமியது போலவே இருமினால் இந்த ஊரின் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன்.

உங்கள் முனீர்


யஸ்த்,
ஆபான் 9

முனீர்,

உன் ஊருக்கு வந்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் நீ என் காலர் பொத்தானைப் போட்டுவிட்டதை இஸ்கந்தர் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான்.

எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. மண் நிறத்தைத் தவிர வேறு நிறம் கிடையாது. உதடு வெடிக்கிறது. எதைத் தின்றாலும் இனிப்பு, தேநீரில்கூடக் கற்கண்டைப் போட்டுக் கலக்குகிறார்கள். மீன் என்று ஒன்றைக் கொடுத்தார்கள், அது கடலைப் பார்த்து எத்தனை காலமோ. நாம்தாரோடு உட்கார்ந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்க்கிறோம்.

மெஹ்ரபான் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீங்கதான் அந்தத் திருடியோட வீட்டுக்காரரா?" என்றார். "திருட்டுப் போனவன் நான்தான் ஐயா, என் ஜாடி உங்க வீட்ல இருக்கு" என்றேன். அதற்கப்புறம் தினமும் சண்டை. மழை அதிகமான ஊரில் மனிதன் சோம்பேறியாகிவிடுவான் என்கிறார். விடுவேனா? நேற்று அவர் பிஸ்தா திருப்பக் கூரைக்குப் போனபோது பின்னாலேயே ஏறிப் போய், மழையே இல்லாத ஊரில் மனிதன் கஞ்சனாகிவிடுவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பிடி பிஸ்தா கொடுத்து என் வாயை அடைத்தார்.

மழைச் சத்தம் இல்லாமல் எப்படித் தூங்குவது என்று முதல் நாள் படுத்துக்கொண்டு யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் வெயில் முகத்தில் அடித்தது. இங்கே காலையில் யாரும் எழுப்புவதுகூட இல்லை, அவ்வளவு அக்கறை.

சொன்ன நாள்வரை இருந்துவிட்டு வந்துவிடுவேன். நம் வீட்டை விற்பது பற்றி யாரிடமும் பேச்செடுக்காதே.

கியூமர்ஸ்


ரஷ்த்,
ஆபான் 14

என் கியூமர்ஸ்,

நீங்கள் எழுதியதை நீங்கள் படித்தீர்களா? "படுத்துக்கொண்டு யோசித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். படுத்துக்கொண்டு. "பின்னாலேயே ஏறிப் போய்" என்று எழுதியிருக்கிறீர்கள். போய்ச் சண்டையும் போட்டிருக்கிறீர்கள். நம் வீட்டு வாசல் படியில் ஏறவே நின்று நின்று வருகிற மனிதர். வார்டு வராந்தாவில் நின்று படித்துக் கூவிவிட்டேன். மேற்பார்வை அம்மாள் ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "எங்க வீட்டுக்காரர் மாடிப்படி ஏறிட்டார்" என்றேன். எனக்கு விடுப்பு வேண்டுமா என்று கேட்டாள்.

ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு நல்ல வாரம் வந்து ஆசை காட்டிவிட்டுப் போவதை நோயாளிகளிடம் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். மாடிப்படியை நம்பி நான் வீட்டை விற்கமாட்டேன். உங்கள் மூச்சுக்கு ஒரே தராசுதான் உண்டு, அது என்னவென்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும்.

உங்கள் பெட்டியின் அடியில், கம்பளிச் சட்டைக்குள் பாருங்கள். நாயனத்தை வைக்கச் சொல்லி இஸ்கந்தருக்கு நான்தான் எழுதினேன். புதுச் சீவாளியும் இருக்கிறது. ஊதிப் பாருங்கள். வராவிட்டால் வெட்கப்படாமல் வரவில்லை என்று எழுதுங்கள். மருத்துவமனைக்கு மறுப்புக் கடிதம் அனுப்பிவிடுகிறேன். உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நானும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்கிறேன், இருக்கிற காலத்தை இருப்போம். ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன்.

பொய் மட்டும் எழுத வேண்டாம்.

முனீர்


யஸ்த்,
ஆபான் 20

முனீர்,

வந்த அன்றே பார்த்துவிட்டேன். பெட்டியைத் திறந்ததும் கைக்குத் தட்டுப்பட்டது. திரும்ப மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம். படி ஏறுகிறோம், தூங்குகிறோம், இதுவே போதும், இதற்குமேல் கேட்டால் இதுவும் போய்விடும் என்று இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகும் இரண்டு நாள் அப்படியே இருந்தேன்.

நேற்று நாம்தாரின் தங்கை குலிஸ்தானுக்குக் கல்யாணம். பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர்வலமாகக் கூட்டிப்போக நாயனக்காரரையும் மேளக்காரரையும் வரவழைத்திருந்தார்கள். நாயனக்காரருக்குப் பல்வலி, கன்னம் வீங்கி ஒரு பக்கம் மூடிக்கொண்டிருந்தது. இரண்டு அடி ஊதிவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மெஹ்ரபான் என்னிடம் வந்தார். "உங்க வீட்டம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. பெட்டிக்குள்ள வச்சு அடைகாக்கறீங்களா? ஊதுவீங்களா, இல்ல ரஷ்த்துல எல்லாரும் வாயாலதான் ஊதுவாங்களா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போய் எடுத்து வந்தேன்.

இந்த ஊர்க் காற்றில் சீவாளி சருகாகக் காய்ந்து கிடந்தது. தேநீரில் நனைத்து வாயில் வைத்தேன். முதலில் ஒரு முனகல். தவ்லத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது தடவை வந்தது, முனீர். முழுசாக வந்தது. விரல்களுக்கு எந்தப் பாட்டைத் தொடுவது என்று தெரியவில்லை, தெரிந்ததைத் தொட்டன. பயில்வான்கள் களத்தில் குதிக்கிற பாட்டு. கல்யாணப் பெண்ணுக்கு முன்னால் குஸ்திப் பாட்டை ஊதிக்கொண்டு நடந்தேன்.

மேளக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், அப்புறம் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைத் தோழர்கள் ஏன் என்று தெரியாமலே குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கூரைகளெல்லாம் ஆட்கள். எல்லாரும் இந்த ஊர்க் கல்யாண வாழ்த்தாக "ஹபீரோ, சபாஷ்" என்று கத்தினார்கள். தவ்லத் பக்கத்தில் ஓடி வந்து, "கியூமர்ஸ் ஐயா, இது கல்யாணமா, குஸ்தியா?" என்றாள். சீவாளியை எடுக்காமல் எப்படிப் பதில் சொல்வது? மேளக்காரர் சொன்னார், "ரெண்டுக்கும் ஒரே பாட்டுதாம்மா."

கன்னத்தில் காற்றை நிறுத்திக்கொண்டு மூக்கால் இழுக்கிற வித்தை, அது என்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். தெருமுனை திரும்பும்போது தானாக வந்து சேர்ந்துகொண்டது. அந்த இடத்தில் இருமல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் வம்பு. பெண் நிலைப்படியில் நின்றுவிட்டாள். அவளுக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்று சொல்லாமல் உள்ளே அனுப்பமாட்டோம் என்று அவள் அத்தைகள் மறித்துக்கொண்டார்கள். வாசலில் இது எங்கும் உள்ளதுதான், நம் கல்யாணத்தில் உன் சித்தி செய்யவில்லையா? ஆனால் யஸ்த்துக்காரிகளின் பேரம் வேறு ரகம். மாமனார் வளையல் என்றார், போதாது என்றார்கள். கம்பளம் என்றார், சிரித்தார்கள். பெண் கால் எடுத்து வைக்கும்வரை நாயனம் நிற்கக் கூடாது. மெஹ்ரபான் கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிடட்டுமா என்று கண்ணால் கேட்டேன். தலையை ஆட்டினார், கூடாது. ஒரு அத்தையிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அவள் இன்னும் ஒரு புதுக் குறையோடு ஆரம்பித்தாள். கிழவர் எனக்காகப் பேரத்தை இழுக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. நானும் விடவில்லை. ஊதினேன், முனீர். மாமனார் கிணற்றோடு தோட்டத்தையே எழுதித் தருகிறேன் என்று கையைத் தூக்கும்வரை ஊதினேன். குலிஸ்தான் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். பாட்டை இறக்கிக் கொண்டுவந்து, முறையாக முடித்தேன்.

பிறகு அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். பல்வலிக்காரர் வந்து ஒரு கையால் தாடையையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டார்.

மெஹ்ரபான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "குழாய் ஒழுகறதைச் சரி பண்ணிட்டேன், நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார். இன்று காலை போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீ மட்டும் என்னைக் கேட்டா போனாய்?

மருத்துவமனைக்குச் சரி என்று எழுதிவிடு. ரஷ்த் வீட்டை இஸ்கந்தருக்கே கொடு, ரொம்ப நாளாகக் கண் வைத்திருக்கிறான். செருப்புக்கடைப் பையனிடம் சொல், மைதானம் இனி அவனுடையது, கன்னத்தை இன்னும் உப்பச் சொல். பூண்டு ஜாடிகள் அத்தனையையும் வைக்கோல் சுற்றிக் கொண்டுவா, தெருவில் இப்போது எல்லாரும் கேட்கிறார்கள்.

இன்னொன்று. பாட்டு முடிந்த பிறகும் என்னிடம் மூச்சு மிச்சம் இருந்தது. அந்த மூச்சில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், நடுத்தெருவில், எல்லார் முன்னாலும், நிறுத்தாமல். சீக்கிரம் வா.

உன் கியூமர்ஸ்